லாபம், ரெண்டு

அந்த ஒரு நிமிட அமைதியில் ஐந்து பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அறையில் இருந்தது நான்கு பேர்.

மங்கையர்க்கரசி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். ஐந்துதான். சந்தேகமே இல்லை. இருபது வருடமாக மற்றவர்களின் மூச்சை வெட்டி எடுத்துப் பிழைப்பவளுக்கு மூச்சை எண்ணத் தெரியாதா?

சாலிக்கிராமத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பழைய வீட்டைத்தான் ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்பு கிடையாது. நடிப்பவர்கள், இயக்குநர், பதிவு செய்யும் அரசி எல்லோரும் ஒரே அறை. ஒலி நாடகம் நாற்பது பகுதி. "நேற்றுக்குப் போன படை" என்று பெயர். காலத்தின் குறுக்கே நடக்கும் ஒரு போரைப் பற்றியது. முப்பத்தொன்பது பகுதி முடிந்து செயலியில் வந்துவிட்டது. கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரவேண்டும். இன்று செவ்வாய்.

பதிவு வேலை தெரிந்தவர்களுக்கு ரூம் டோன் தெரியும். ஓர் அறையில் பதிவு முடிந்து கிளம்புமுன் ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அமைதியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அறையின் அமைதியும் ஒவ்வொரு மாதிரி. வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களை அந்த அறையின் அமைதியைக்கொண்டுதான் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் காதில் திடுமென்று ஒரு பள்ளம் விழும்.

இந்த ஸ்டூடியோவில் அதற்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. இயக்குநர் சிதம்பரநாதன் கொண்டுவந்தது. ஒருமுறை அமைதிக்கு நடுவில் யாருடைய வயிறோ கடமுடாவென்று உருள, யார் வயிறு என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. அன்றிலிருந்து அமைதிக்கு முன்னால் அவரவர் நிற்கும் வரிசைப்படி ஆளுக்கு ஓர் எண் சொல்லிவிடவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் அந்த எண்காரர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும்.

சிதம்பரநாதன் மட்டும் எண் சொல்லமாட்டார். மன்னார்குடிப் பக்கம் அவர் அப்பாவுக்கு நெல் வியாபாரம். மரக்கால் மரக்காலாக அளந்து போடும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. அந்தப் பழக்கம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்டூடியோவின் முதல் ஆளாகக் கதவோரம் நின்று கனத்த குரலில் "லாபம்" என்பார்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்தப் பதிவை அரசி மூன்றாம் முறை ஓடவிட்டாள்.

"லாபம்." சிதம்பரநாதன்.

"ரெண்டு." அது பிலோமினா. முப்பது வருடமாக டப்பிங்கில் அம்மாக்களுக்கு அழுகிறவள். தூத்துக்குடிக்காரி.

பிறகு ஓர் இடைவெளி. சரியாக ஒரு வார்த்தை பிடிக்கும் நீளம்.

உடனே ஒரு சிரிப்பு. அரசியின் சிரிப்பு.

"நாலு." நாடகத்தை எழுதிய ரவூப். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறார்.

"அஞ்சு." அரசி. இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அமைதி. அதில் ஐந்து மூச்சு. கதவோரம் லேசான விசிலோடு ஒரு மூச்சு. சிதம்பரநாதனின் மூக்குத்தண்டு சற்று வளைந்தது. அந்த விசில் எல்லா டேக்கிலும் வந்து விழுவதால் அதை மட்டும் வடிகட்ட அரசி ஒரு பட்டனே செய்து "மூக்கு" என்று பெயர் வைத்திருந்தாள். அடுத்து பிலோமினாவின் இழுப்பு. ரவூபின் அளந்த மூச்சு. மைக்குக்கு மிக அருகில் அவளுடையது. பிலோமினாவுக்கும் ரவூபுக்கும் நடுவில், அவளுடைய மூச்சோடு ஏறி இறங்கியபடி, இன்னொன்று.

அவளைக் கலக்கியது மூச்சுகூட இல்லை. அந்தச் சிரிப்புதான். தன் குரலைத் தினம் கேட்பவள் அவள். இப்படி ஒரு சிரிப்பு தன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. நெருக்கமான ஒருவரின் தோளில் சாய்ந்து சிரிக்கிற சிரிப்பு அது. யாருடைய தோள்?

"என்ன அரசி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டபடி சிதம்பரநாதன் வந்தார்.

அவள் ஹெட்போனை நீட்டினாள். கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

"அன்னைக்கு ரவூப் வாத்தியார் மூணை முழுங்கிட்டார். நல்லா ஞாபகம் இருக்கே. பிசிக்ஸ் படிச்சவருக்கு எண்ணத் தெரியலன்னு நான்கூடக் கேலி பண்ணேன்."

"எனக்கும் அதே ஞாபகம்தான் இருக்கு சார். ஆனா அவர் மூணை முழுங்கலையே. மூணுக்கு இடம் விட்டு, கரெக்டா அடுத்தது சொல்றார். இங்க ஒருத்தர் மூணு சொல்லிருக்கணும்."

"கரண்ட்டு சத்தமா இருக்கும்மா."

"கரண்ட்டு மூச்சு விடாது சார்."

பின்னால் நாற்காலியில் காலை நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பிலோமினா தலையைத் தூக்கினாள். "ஏட்டி அரசி, நாலு நாள் லீவு போட்டுட்டுத் தூங்கு. நாப்பது பகுதி ஆவி கதையா ஓட்டுனா மூச்சும் கேக்கும், முனகலும் கேக்கும்."

"ஆவி இல்லக்கா, காலம்."

"என்ன எழவோ. நான் அழுத அழுகைக்கு எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

 அரசி ஃபைலை மறுபடி முதலுக்குக் கொண்டுபோனாள்.

*

அன்று மாலை ரவூப் வந்தார். காயல்பட்டினத்துக்காரர். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர், பாதியில் விட்டுவிட்டு எழுத வந்தவர். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பதிவைக் கேட்டார். முடிந்தபிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. வெளியே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டான்.

"அப்போ உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார் கடைசியில்.

"என்ன இருக்கு?"

"எங்கிட்ட ஒரு கரும்பலகை இருக்கும்மா. லேப்ல இருந்து பேத்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அதுல பாதிக் கணக்கு என் கையெழுத்து. மீதி வேற யாரோ எழுதினது. சாய்ச்சு சாய்ச்சு, இடதுகைக்காரர் எழுத்து. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திருத்தியிருக்கோம். ஒரு இடத்துல நான் எழுதினதை அடிச்சுட்டு ‘மடையா’ன்னு எழுதியிருக்கு." ரவூப் புன்னகை செய்தார். அது பாதியிலேயே நின்றது. "மடையான்னு கூப்பிடுற அளவுக்கு எனக்கு ஒரு சிநேகிதர் இருந்திருக்கார். யாருன்னு தெரியல. அந்த லேப்ல நான் தனியாத்தான் வேலை பார்த்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அதுதான் ஞாபகம்."

சிதம்பரநாதன் மெல்ல உட்கார்ந்தார். "வாத்தியாரே, இந்த நாடகம் கற்பனைதானே?"

"நான் எழுதினதுல பாதி அந்தப் பலகையில இருந்தது."

"போருன்னா... நிஜமாவே?"

"எப்பவோ நடக்கப்போற போர். யாருக்கும் யாருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுல குண்டு போட்டு யாரையும் கொல்றதில்ல. ஒருத்தர் பிறக்கவே இல்லன்னு ஆக்கிடறாங்க. அவர் பேரோட கட்டினது எல்லாம் அவரோட போயிடும். போட்டோ, ரேஷன் கார்டு, குரல், மத்தவங்க ஞாபகம். பிள்ளைங்க இருந்தா அவங்களும்."

"நம்மள மாதிரி ஆளுங்க அவங்களுக்கு என்ன பண்ணோம்?" என்று கேட்டாள் அரசி.

"ஒண்ணும் பண்ணல. வாய்க்காலை அடைக்க ஒரு கை மண்ணு அள்ளறோம் இல்லையா? எந்த இடத்து மண்ணுன்னு பாத்தா அள்ளறோம்?"

"அப்போ மூச்சு மட்டும் ஏன் இருக்கு?"

"மூச்சுக்கு யாரும் பேர் எழுதி வைக்கறதில்ல. நீங்க அந்த ஃபைலுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

"லாபம்ன்னு. எல்லா ரூம் டோனும் லாபம்தான். லாபம் ஒண்ணு, லாபம் ரெண்டுன்னு வரிசையா இருக்கும்."

"பாத்தீங்களா. அமைதியில போய் ஆளைத் தேடணும்னு அவங்களுக்குத் தோணல. கரும்பலகை கிறுக்கலும் அப்படித்தான் தப்பிச்சது."

*

அரசி விருகம்பாக்கத்தில் தனியாக இருந்தாள். அன்று ஷேர் ஆட்டோவில் ஏறியதிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாள். டிரைவரைச் சேர்த்து எட்டுப் பேர். அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் இறங்க, ஏழு. இறங்கியவரைத் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் மறுபடி எண்ணினாள். ஏழுதான். அப்படியும் இறங்கும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கினாள். இரண்டாவது வெங்காயத்தில் கை நின்றது.

பெரிய பெரிய துண்டுகள். எப்போதும் அப்படித்தான் நறுக்குவாள். அவளுக்கு வெங்காயம் பிடிக்கும். பொடியாக நறுக்கி வதக்கினால் இன்னும் பிடிக்கும். பிறகு எதற்கு இப்படி? வெங்காயம் பிடிக்காத ஒருவர் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பதற்கு வசதியாக அல்லவா இப்படி நறுக்குவார்கள்?

அரிவாள்மணையைப் படுக்கவைத்துவிட்டு எழுந்தாள். வீட்டை ஒரு சுற்று வந்தாள். புகைப்படங்களில் அவள் தனியாக இருந்தாள். பீரோவில் அவளுடைய துணிகள் மட்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தது, மிக ஒழுங்காக. படுக்கும் முன் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பது அவள் வழக்கம். குறைத்துவிட்டு விடிய விடிய வியர்த்துப் புரளுவாள். யாருக்குச் சளி பிடிக்கும் என்று குறைத்தாள்?

அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒரு முகமாவது வேண்டும். ஒரு பெயராவது வேண்டும். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

கடைசிப் பகுதியில் ஓர் இடம் வரும். போரிலிருந்து திரும்பும் படைவீரன் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறான். மனைவி இல்லை. அப்படி ஒருத்தி அந்த வீட்டில் எப்போதும் இருந்ததே இல்லை. அங்கே ரவூப் எழுதியிருந்தது ஒரே வரி: "ஒரு நிமிடம் அமைதி."

செயலிக்காரர்கள் வியாழக்கிழமை காலையில் போன் செய்தார்கள். "சார், ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்லன்னா கேக்கறவங்க ஆப் நின்னுபோச்சுன்னு மூடிடுவாங்க. அஞ்சு செகண்டா குறைச்சுடுங்க, இல்லன்னா ஒரு வீணை போடுங்க" என்றான் ஒருவன்.

"வீணையா? உங்க வீட்டுல யாராச்சும் போயிட்டா வீணையா வாசிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிதம்பரநாதன் போனை வைத்தார். பிறகு அரசியைப் பார்த்தார். "எந்த அமைதிய அங்க போடப்போற?"

அவர் கேட்பதற்காகவே காத்திருந்தவள்போல அவள் சொன்னாள். "அந்த அமைதியத்தான் சார். எண்ணுறதையும் சேர்த்து. வீரன் பழைய டேப் ஒண்ணைப் போட்டுக் கேக்கற மாதிரி வெச்சுக்கலாம்."

ரவூப் பேனாவை மூடினார். "வேண்டாம்மா."

"ஏன்?"

"எத்தனை பேர் கேப்பாங்க?"

"கடைசிப் பகுதின்னா ரெண்டு லட்சம் வரும்."

"ரெண்டு லட்சம் பேர் காதுல அந்த மூச்சு விழுந்தா அப்புறம் அது பேரில்லாத மூச்சு இல்ல. இத்தனை பேர் கேட்டதை இல்லன்னு ஆக்க முடியாதுன்னு அந்த இடதுகைக்காரர் எழுதியிருக்கார். மூணு சொன்னவர் திரும்பி வந்துடுவார். யாரோ அவர். நேத்து வரைக்கும் உங்களோட இருந்த மாதிரியே இருப்பார். அவர் காணாமப் போனதே உங்களுக்கு மறந்துடும்."

"அப்போ நல்லதுதானே வாத்தியாரே?" என்றாள் பிலோமினா. இந்த இரண்டு நாளில் அவளுடைய கேலி வற்றியிருந்தது. காலையில் இரண்டு மகன்களுக்கும் போன் செய்து பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாள். கடைசிப் பேரன், பாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்தானாம்.

"அதுக்கடியில இன்னொரு வரி இருக்கு, அவங்க போட்ட எண்ணிக்கை மாறாதுன்னு. அந்த அறையில நாலு பேர்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஒருத்தர் திரும்பினா ஒருத்தர் போகணும்."

  அரசி எழுந்து ஏசியை அணைத்தாள்.

"யாரு?" என்றாள்.

"எண்ணிக்கையில வராத ஒருத்தர். எண் சொன்னவரைத் தொட்டா அந்த எண்ணையும் எடுக்கணும். எடுத்தா நடுவுல பள்ளம் விழும், இந்த மூணு மாதிரி. அது இப்போ நம்ம நாலு பேருக்கு மட்டும்தான் தெரியுது. ரெண்டு லட்சம் பேருக்குக் கேக்கற மாதிரி பள்ளம் விட மாட்டாங்க."

அரசி விரல்விட்டு எண்ணினாள். அவள் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "நம்ம நாலு பேரும் எண்ணிருக்கோமே. சார், அக்கா, நீங்க, நான். மூணும் திரும்பி வந்தா அஞ்சு. எண்ணிக்கையில வராதவங்க யாருமே இல்லையே!"

ரவூபும் எண்ணிப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஆமா" என்றார், நம்பாதவர்போல. "ஆமா. யாரும் இல்ல."

"அப்பாடி, மாதாவே" என்று பிலோமினா நெஞ்சில் கைவைத்தாள்.

 சிதம்பரநாதன் மட்டும் சன்னலுக்கு அப்பால் பக்கத்து மாடியில் உலர்ந்துகொண்டிருந்த போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மன்னார்குடி வீடு எப்போதோ கைமாறிவிட்டது.

"அரசி, அந்த ஃபைலைக் கொஞ்சம் போடு" என்றார்.

போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டது: லாபம். ரெண்டு. இடைவெளி. சிரிப்பு. நாலு. அஞ்சு.

"இதுல நான் எத்தனாவது?"

"என்ன சார் கேள்வி? நீங்கதான் முதல்."

"எங்க மன்னார்குடிப் பக்கத்து ஆளு கேட்டா தெரியும், இல்ல? நான் முதல்னு."

"யாரு கேட்டாலும் தெரியும் சார்."

அவர் தலையாட்டினார். அவருடைய மூக்கு லேசாக விசிலடித்தது.  அவர் ஏதோ கணக்குப் போடுகிறார் என்றுதான் அரசி நினைத்தாள். நாடகத்தின் நீளம், செயலிக்காரர்களின் தொல்லை, இப்படி எதையாவது.

"எங்கப்பா ஒரு தடவை சொன்னார்" என்று ஆரம்பித்தார். "முதல் மரக்காலை ஏன் எண்ணக்கூடாதுன்னு கேட்டேன். எண்ணினாத்தான்டா குறையும், எண்ணாம விட்டா அது எங்கேயும் போவாதுன்னார்." சிரித்தார். "அதெல்லாம் வியாபாரிங்க பேச்சு. பிலோமி, உனக்குப் பேரப்பசங்க எத்தனை?"

"அஞ்சு. இப்ப எதுக்கு அது?"

"வாத்தியாருக்கு மூணு பொண்ணு." அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு பூனைக்குட்டிகூட இல்ல."

"சார், ஒரு மாதிரியா பேசாதீங்க. வேண்டாம்னா விட்டுடலாம்" என்றாள் அரசி. அவள் குரல் நடுங்கியது. விட்டுவிடச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நடுங்கியது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

சிதம்பரநாதன் அவளை நேராகப் பார்த்தார். "அந்தச் சிரிப்பை இன்னொரு தடவ கேக்கணும்னு இருக்கும்மா. ஸ்பீக்கர்ல இல்ல, நேர்ல. போடு. முழு நிமிஷமும் போடு. ஒரு செகண்டு குறைச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்." கதவருகில் போய்த் திரும்பினார். "என் மூக்கு சத்தம் கேக்குமே?"

"‘மூக்கு’ பட்டனை அழுத்தட்டுமா?"

"வேண்டாம். கிடக்கட்டும். அதுவும் ஒரு சத்தம்தானே."

*

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான்கு பேரும் ஸ்டூடியோவில் கூடி அரசியின் போனை மேசைமேல் வைத்துக் கேட்டார்கள். சிதம்பரநாதன் வழக்கம்போலக் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாடகம் ஓடியது. வீரன் கதவைத் திறந்தான். கதவின் கிறீச்சுக்குப் பின்னால் மணல் படிந்த தரையில் தயங்கி நடக்கும் காலடிகள். இந்தக் காலடிச் சத்தத்தை எங்கேயிருந்து எடுத்தோம் என்று அரசி யோசித்தாள். முப்பத்தொன்பது பகுதியிலும் அந்தக் காலடிகள் இருந்தன. மூலையில் மணல்தட்டும், ஒரு ஜோடி பழைய ஆண் செருப்பும் இருந்தன. நடந்தது யார்?

"லாபம்" என்றது போன்.

அரசி அனிச்சையாகக் கதவுப் பக்கம் பார்த்தாள். சிதம்பரநாதன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ரெண்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

வீரபத்திரன் சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வருஷமா சொல்றேன், பொறுக்கறதுக்குப் பதிலா கண்ண மூடிட்டு முழுங்கேன்" என்றாள் அரசி.

"எட்டு வருஷமா நானும் சொல்றேன், போடாம இரேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். வேலை முடிந்த களைப்பில் இருவரும் பத்து மணிக்குத்தான் எழுந்தார்கள். வீரபத்திரன் ஒலிநாடகங்களுக்குக் காலடியும் கதவும் மழையும் செய்கிறவன். ஸ்டூடியோவை இருவருமாகத்தான் தொடங்கினார்கள். "நேற்றுக்குப் போன படை"யை எழுதி இயக்கியவர் ரவூப். நன்றாகப் போயிருந்தது. பாராட்டு நிறைய. செயலிக்காரர்கள்கூட அந்த ஒரு நிமிட அமைதியைப் புகழ்ந்து தள்ளினார்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமையிலிருந்து அரசி எங்கே போனாலும் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். வேலை முடிந்த வெறுமையாக இருக்கும் என்று பத்திரன் சொன்னான்.

திங்கட்கிழமை புது நாடகத்துக்கு முதல் பதிவு. காலையிலேயே பிலோமினா வெற்றிலைப் பெட்டியோடு வந்து தன் போனை நீட்டினாள். "ஏட்டி, எவனோ திருவாரூர்க்காரன் எழுதியிருக்கான் பாரு, உனக்குத்தான்."

கேட்டவர் ஒருவரின் கருத்து. அரசி வாய்விட்டுப் படித்தாள். "நாடகம் அருமை. ஒரு சிறு பிழை. டேப்பில் ஆட்கள் எண்ணும்போது ஒன்று என்பதை விட்டுவிட்டீர்கள். இரண்டில் தொடங்குகிறது. கவனிக்கவும்."

"அது நம்ம வழக்கம்னு எழுதிடு" என்றான் பத்திரன். "நாம எப்பவும் ரெண்டுலதானே ஆரம்பிப்போம்."

"ஏன் ரெண்டுல ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டாள் அரசி.

பத்திரன் பிலோமினாவைப் பார்த்தான். பிலோமினா ரவூபைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்றது ஆகாதுன்னு யாரோ சொன்னாங்க" என்றாள் பிலோமினா. "யாரு சொன்னாங்கன்னு ஞாபகம் இல்ல. நானே சொல்லியிருப்பேன்."

 ரவூப் கையிலிருந்த பேனாவை மெதுவாக மூடினார்.

அவர்கள் தேநீருக்குக் கீழே இறங்கிப் போனபின் அரசி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்த ஃபைலைத் தேடினாள். பெயர் "லாபம் பதினேழு." எதற்கு லாபம் என்று பெயர் வைத்தோம் என்று ஒரு கணம் யோசித்தாள். ஓடவிட்டாள்.

தொடக்கத்தில் சிறிது அமைதி. எந்தப் பதிவின் தொடக்கத்திலும் இருப்பதுதான். யாரும் அதைப் பள்ளம் என்று நினைக்கமாட்டார்கள்.

"ரெண்டு."

"மூணு" என்றான் பத்திரன், ஒரு டப்பிங் வில்லனின் குரலில். அவன் எப்போதும் ஒவ்வொரு குரலில் சொல்வான். அவள் சிரித்தாள்.

"நாலு." "அஞ்சு."

ஒரு நிமிடம். பிலோமினாவின் இழுப்பு. பத்திரன். ரவூப். தன்னுடையது. கதவோரத்தில், மிக மெலிதாக, விசிலோடு இன்னொன்று.

 எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எங்களில் யாருக்கும் மூக்கில் சத்தம் வராதே.

கை தானாக வலப்பக்கம் போனது. திரையில் அவளே எப்போதோ செய்துவைத்த ஒரு வடிகட்டிப் பட்டன் இருந்தது. "மூக்கு" என்று பெயர். அழுத்தினாள். விசில் மறைந்தது. விட்டாள். விசில் வந்தது. யாருக்காக இதைச் செய்தோம்? ஒரு மனிதரின் மூக்கு எந்த இடத்தில் விசிலடிக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொள்ள அவரோடு எத்தனை நாள் இருந்திருக்கவேண்டும்?

கீழேயிருந்து பத்திரனின் குரல் கேட்டது. "அரசி! பஜ்ஜி ஆறுது!"

"ஒரு நிமிஷம்" என்றாள்.

ஃபைலை முதலுக்குக் கொண்டுபோனாள். கண்களை மூடிக்கொண்டாள். ஓடவிட்டாள். "ரெண்டு" வருவதற்கு முன்னால், சரியாக ஒரு வார்த்தை பிடிக்கும் அந்த இடத்தில், அவளை அறியாமல் அவளுடைய உதடுகள் அசைந்தன.

"லாபம்" என்றாள்.

 கதவோரத்து மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அந்த நிமிடம் முழுவதும், ஒரு செகண்டு குறையாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.